போக இரண்டு, வர மூன்று

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். வாரா வாரம் போனில் பேசுகிற மகளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சாப்டியா, பிரஷர் மாத்திரை போட்டியா, அப்பா எப்படி இருக்கார் என்று மூன்று கேள்வி கேட்கிறாய், நான் மூன்று பதில் சொல்கிறேன், அதற்குள் குட்டி அழறா என்று வைத்துவிடுகிறாய். அவள் அழுகிற சத்தம் சில நாள் எனக்குக் கேட்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியது அந்த மூன்று பதிலுக்குள் அடங்காது, அதனால்தான் எழுதுகிறேன். கையில் வேலை இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

முதலில் வீட்டுச் சேதி. நாங்கள் இரண்டு பேரும் அடுத்த மாதம் மூன்று நாள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம். உன் தம்பி வேலை பார்த்த ஊருக்குத்தான். அவன் அங்கே இருந்த நாலு வருஷமும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுத் தொண்டை காய்ந்துபோனான். மூணு நாள் போதும்மா, மூணு நாள்ல ஊரையே சுருட்டி உங்க கைல குடுத்துடறேன் என்பான். அப்பாவுக்கு டிப்போவில் லீவு கிடைக்காது, லீவு கிடைத்தால் ஆஸ்பத்திரியில் என் வேலைக்கு மாற்று ஆள் இருக்காது, இரண்டும் அமைந்தால் மழை. இப்போது அவன் போய் எட்டு மாதம் ஆன பிறகு எல்லாம் கூடி வந்திருக்கிறது. அவன் வேலை பார்த்த மீன் காட்சியகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே தொட்டிகளுக்குப் பொறுப்பாக இருக்கும் அம்மாள் கைப்படவே எழுதியிருந்தாள். தம்பியின் பெட்டி ஒன்று அவர்கள் சாமான் அறையில் இருக்கிறதாம், அறையை இடித்துக் கட்டப் போகிறார்களாம், நேரில் வருகிறீர்களா பார்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாள். பெரிய ஆமை ஒன்று அவன் தண்ணீருக்குள் இறங்கினாலே வந்து முதுகில் உரசிக்கொண்டு நிற்கும் என்றும், இப்போது இறங்குகிற ஆளிடம் அது வருவதில்லை என்றும் எழுதியிருந்தாள். அப்பா இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார். பார்சல்லாம் வேணாம், நாமளே போவோம், போறதுதான் போறோம், அவன் சொன்ன மாதிரியே மூணு நாள் இருந்து எல்லாத்தையும் பார்த்துட்டு வருவோம் என்றார். சரி என்றேன். இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் எனக்குச் சரி என்றுதான் வருகிறது.

அன்றிலிருந்து வீட்டில் நடப்பதை நீ பார்க்க வேண்டும். முப்பது வருஷம் பஸ்களுக்கு நேரம் குறித்த மனுஷன் அல்லவா, ரிட்டயர் ஆன இரண்டு வருஷமாகக் குறிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் இருந்தவருக்கு இது கிடைத்திருக்கிறது. அந்த ஊர் வரைபடம் ஒன்று வாங்கி வந்தார். மடிப்பைப் பிரித்துக்கொண்டே போனால் முடிகிற வழியாக இல்லை. மேசையில் கொள்ளாமல், கட்டிலில் கொள்ளாமல், கடைசியில் கூடத்துத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு செருப்பை வைத்துவிட்டு, அதன் மேல் முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து பார்க்கிறார். நான் சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் ஆற்றைத் தாண்டி விமான நிலையத்தை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். நீளத் தாளில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு நேர அட்டவணை எழுதியிருக்கிறார். லாட்ஜை விட்டுக் கிளம்புவது ஏழு நாற்பது. பாதாள ரயில் ஏழு ஐம்பத்து மூன்று. கோட்டையில் ஒரு மணி நேரம் பத்து நிமிடம். பெரிய கோபுரத்தின் உச்சியில் முப்பது நிமிடம், அதில் வரிசையில் நிற்பது இருபது, பார்ப்பது பத்து. சிறுநீர் கழிக்க எட்டு நிமிடம் வீதம் நாளுக்கு ஐந்து முறை என்றுகூடப் போட்டிருக்கிறார். எதிர்வீட்டு டீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சார், வாயைப் பொளந்து ஆச்சரியப்படறதுக்குத் தனியா நேரம் ஒதுக்கலையே என்று சிரித்தாள். அப்பா அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் நடந்துகிட்டே பட்டுக்கலாம் என்றார். டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும் சிரிப்பு வர வேண்டிய இடம்தான் என்று தெரிந்தது, அதனால் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மீன் காட்சியகம். பதினொன்று பத்திலிருந்து பன்னிரண்டு வரை. அதில் பெட்டி வாங்கிக் கையெழுத்துப் போட இருபது நிமிடம், மீதி முப்பது நிமிடம் பெரிய தொட்டி என்று எழுதியிருந்தார். ஏங்க, பெட்டியை வாங்கிட்டுக் கிளம்பிடலாமே, தொட்டி எதுக்கு என்று கேட்டேன். அவர் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவன் தேச்ச கண்ணாடியைப் பார்க்காம வர முடியுமா என்றார். அவன் அங்கே சேர்ந்த புதிதில் போனில் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும், மூச்சுக் குழாயும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கிப் பாசியைத் தேய்க்கும்போது வெளியே நிற்கிற சின்னப் பிள்ளைகள் இவனையும் மீன் என்று நினைத்துக் கை ஆட்டும், இவனும் ஆட்டுவான். எந்தப் பிள்ளையாவது தேயுங்க அங்கிள் என்று சைகை காட்டினால் அந்த இடத்தை இரண்டு தடவை தேய்ப்பானாம். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் முப்பது நிமிடம் நான் எங்கே பார்த்துக்கொண்டு நிற்பது? இதை அப்பாவிடம் கேட்கவில்லை. நான் வெளியில பெட்டிக்குக் காவலா உட்கார்ந்துக்கறேன், நீங்க பார்த்துட்டு வாங்க என்று மட்டும் சொன்னேன். அவர் ரப்பரால் ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்று எழுதினார். போய்ப் பார்த்தேன். முப்பதை அழித்து இருபத்தைந்து ஆக்கியிருந்தார், அவ்வளவுதான்.

என் வேலை எப்போதும்போல நடக்கிறது. ஆஸ்பத்திரித் துணி அறையில் ஆள் குறைத்துவிட்டார்கள், கிழிந்த விரிப்பு தைப்பதும் வார்டு முத்திரை குத்துவதும் என் ஒருத்தி தலையில். போன மாதம் ஒரு நாள் தைத்துக்கொண்டிருந்தபோது விரிப்பில் சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. சலவையில் போகாத கறை என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தால் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. மிஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கி உள்ளேயே ஒடிந்து நின்றிருக்கிறது. தலைமை நர்ஸ் ஓடி வந்து பிடுங்கிக் கட்டுப் போட்டாள். ஏம்மா, வலிக்கலையா உங்களுக்கு என்று என் முகத்தையே பார்த்தாள். வலித்தது என்று சொன்னேன், அவளுக்கு அப்படிச் சொன்னால்தான் நிம்மதி. தம்பி போன அன்றும் நான் அழவில்லை, உன் சித்தப்பா போய் அவனை அழைத்து வந்த அன்றும் அழவில்லை. அழைத்து வந்தார் என்றே எழுதிவிட்டேன், இருக்கட்டும். ஜனங்கள் என்னை நெஞ்சழுத்தக்காரி என்கிறார்கள். நெஞ்சு அழுத்தமாக எல்லாம் இல்லை. கால் மரத்துப்போனால் தட்டித் தட்டிப் பார்ப்போமே, நம் கால்தான், ஆனால் வேறு யாருடையதையோ தட்டுவது போல இருக்குமே, அப்படி இருக்கிறது. விரல் இப்போது ஆறிவிட்டது, நீ அதற்காகப் போன் செய்ய வேண்டாம்.

பயணச் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பாவின் சட்டையை நனைக்கப் போடுவதற்காகப் பையைத் துழாவினேன். டிராவல்ஸ்காரர்கள் கொடுத்த சீட்டு ஒன்று இருந்தது. போக இரண்டு, வர மூன்று என்று எழுதியிருந்தது. கடைக்காரர்கள் கை தவறி எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் அது அப்பாவின் கையெழுத்து, அவர் மூன்றுக்குத் தலையில் கோடு போடுவது உனக்குத் தெரியும். நான் அந்தச் சீட்டை அவர் கண்ணில் படும்படி மேசை மேல் வைத்தேன், அவர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கு முந்தின வாரம்தான் தம்பியின் கட்டிலை அறை நடுவுக்கு இழுத்து, ஆடுகிற காலுக்கு ஆப்பு அடித்து, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தார். ஜன்னல் கொக்கி புதிதாக மாட்டினார். ஏங்க திடீர்னு என்றதற்கு, ஆள் வர்ற அறை ஆடிக்கிட்டு இருக்கக் கூடாது என்றார். நான் அப்போது கவனிக்கவில்லை. சீட்டைப் பார்த்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இந்த மனுஷன் தம்பியைக் கூட்டி வரப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பெட்டி, தொட்டி, கோட்டை, கோபுரம் எல்லாம் அதற்குத்தான். மூன்று நாள் சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு ரயில் ஏறப் போகிறார்.

நாலு நாள் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஷேவ் செய்வது சரியாக இருந்தது, மாத்திரை சரியாகப் போட்டார், டீச்சரின் கணவரோடு செய்தித்தாள் விஷயமாகச் சண்டை சரியாகப் போட்டார். தலைமை நர்ஸிடம் மட்டும் சொன்னேன். நேரா கேட்டுடுங்கம்மா, சுத்தி வளைச்சா அவரும் சுத்துவார், கேட்டுட்டு என்கிட்ட சொல்லுங்க, டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன் என்றாள். கேட்க வாய் வரவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது என்று எழுதலாமா என்று யோசித்தேன். பயம் என்றும் இல்லை, பரீட்சையில் தெரியாத கேள்வி வரப் போகிறது என்று தெரிந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

இதற்கிடையில் டீச்சர் வந்து, பெரிய அருங்காட்சியகம் திங்கட்கிழமை திறக்காதே சார், நீங்க திங்கட்கிழமைதானே போட்டிருக்கீங்க என்று ஒரு குண்டைப் போட்டாள். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. முப்பது வருஷத்தில் ஒரு பஸ்ஸைக்கூட இல்லாத ரோட்டில் விட்டதில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார். தேதியை ஒரு நாள் தள்ள வேண்டும் என்று டிராவல்ஸுக்குக் கிளம்பினார், நானும் வருகிறேன் என்று கூடப் போனேன். கண்ணாடிக் கதவு, இரண்டு நாற்காலி, சுவரெல்லாம் கடலும் மலையுமாகப் படம், கவுண்டரில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. தேதியை மாற்றிக்கொண்டே, ஜாலியா ஃபேமிலி டூரா அங்கிள் என்று கேட்டாள். அப்பா ஆமாம்மா என்றார். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்து, போறதுக்கு ரெண்டு பேர் ஓகே, திரும்பி வர்றதுல மூணாவது ஆள் பேரு நீங்க இன்னும் தரலையே, பேரு வயசு சொல்லுங்க என்றாள். தம்பி பெயரைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அப்பா நிதானமாக உன் பெயரைச் சொன்னார். பொண்ணு, முப்பத்தி நாலு வயசு, மடியில எட்டு மாசக் குழந்தை, குழந்தைக்குத் தனியா டிக்கெட் வேணுமா இல்ல அம்மா மடியிலயே வரலாமா என்று கேட்டார். மடிக் குழந்தைக்கு வேண்டாம் அங்கிள், பேரு மட்டும் சேர்த்துடறேன் என்று அவள் தட்டினாள். குட்டியின் பெயரை அவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார், அவள் தப்பாக அடிக்க, திருத்தினார். எட்டு மாதத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

வெளியே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும், அவகிட்ட கேட்டீங்களா என்றேன். இல்லை என்றார். அவ பாட்டுக்கு அங்க விமானத்துல வந்து இறங்கட்டும், ரெண்டாம் நாள் காலையில நாம போய்க் கூட்டிக்கலாம், அப்புறம் ரயில்ல நம்மளோட வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இருக்கட்டும், அவன் கட்டில்ல படுத்துக்கட்டும் என்றார். அவ அவன் முகத்தைப் பார்க்கலை, அவன் நின்ன இடத்தையாவது பார்க்கட்டும், நீ எழுதிக் கேளு, அவளுக்குக் கோபம் உன் மேலயும் மாப்பிள்ளை மேலயும்தானே, என் மேல இல்லையே, நான் கேட்டா எனக்காக வருவா, நீ கேட்டு வந்தாதான் வந்த மாதிரி என்றார். பிறகு, மாப்பிள்ளை தனக்குப் போன் செய்ததைச் சொன்னார். இதுவரை என்னிடம் சொல்லவில்லை. நீ அவரோடு முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்கில் ஆகிறதாம், குட்டிக்கு என்ன வேணும் எப்ப வேணும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லையாம், அடுத்த வருஷம் தனியாக வீடு பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாயாம். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவளை ஒரு தடவை வரச் சொல்லுங்க மாமா, அங்க வந்தா கொஞ்சம் தேறுவா என்றுதான் சொன்னாராம். அப்பா சொல்லிவிட்டு, அந்த மனுஷன் மறைக்கற ஆளே இல்லையே, அவன் போனதை அவகிட்டச் சொல்ல வேணாம்னு எப்படி முடிவு எடுத்தார்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை என்றார்.

இதற்கு மேல் எழுதுவதை மெதுவாகப் படி. இந்த முடிவை மாப்பிள்ளை எடுக்கவில்லை. நான் எடுத்தேன். தம்பி அறையில் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான், தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று செய்தி வந்த அரை மணி நேரத்தில் நான் உன் நம்பருக்குத்தான் போட்டேன். மாப்பிள்ளை எடுத்தார். உனக்கு ஆபரேஷன் முடிந்து மறுநாள், குட்டி மாசம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள், உனக்கு ரத்தம் நிற்கவில்லை என்று நாலு பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதது எனக்குக் கேட்டது. அழுது முடித்ததும், அத்தை, நான் அவகிட்ட சொல்லிடறேன், அவளுக்குத் தெரியாம இருக்கக் கூடாது என்றார். இருங்கள் என்று டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டுத் திரும்ப அவரே போன் செய்தார். பக்கத்துல இருந்து மெதுவா சொன்னா தாங்குவாங்கன்னு டாக்டர் சொல்லிட்டார், சித்தப்பா அவனைக் கொண்டு வரும்போது வீடியோலயாவது அவ முகம் பார்க்கட்டும் அத்தை என்றார். நான்தான் கூடாது என்றேன். ஒண்ணு போயிடுச்சு, இன்னொண்ணையும் தூக்கிக் குடுக்க என்னால முடியாது, நான் சொல்லச் சொல்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது, திறந்து அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது உங்க தலையில என்றேன். இதே வார்த்தைகள்தான். அதற்கு மேல் அந்த மனுஷன் என்ன செய்வார். பன்னிரண்டு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி ஏன் குட்டியைப் பார்க்கப் போன் பண்ணலை என்று நீ கேட்கக் கேட்க, ஏதோ ஒன்று சொல்லிச் சமாளித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அது ஒரு தப்பு. ஆனால் அதை ஒரு தாய் பயத்தில் செய்தாள் என்று நீ என்றாவது விட்டுவிடலாம். இரண்டாவது தப்பு அப்படி இல்லை. பன்னிரண்டாம் நாள் உனக்குத் தெரிந்து, நீ எனக்குப் போன் செய்து, யாரு முடிவு பண்ணினது, எனக்கு அது மட்டும் தெரியணும் என்று கத்தினாயே, அப்போது நான், மாப்பிள்ளைதான் வேண்டாம்னார் என்றேன். அதில் பயம் இல்லை, பிள்ளையைக் காப்பாற்றுகிற எண்ணமும் இல்லை. உன் கோபத்தை வாங்கி வைக்க என்னிடம் இடம் இல்லை, யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று இருந்தது, தள்ளிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்தது. அன்று சாயங்காலமே அவர் எனக்குப் போன் செய்தார். அத்தை, அவ இப்படிச் சொல்றாளே என்றார். நான் பேசாமல் இருந்தேன். அவர், சரி அத்தை, உடம்பைப் பார்த்துக்குங்க என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, உன்னிடமும் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. நீ என் மேல் வைத்திருப்பது ஏன் சேர்ந்து மறைத்தாய் என்கிற கோபம். அவர் மேல் வைத்திருப்பது என் கோபம், எனக்கு வர வேண்டியது. அதை அவரிடமிருந்து எடுத்துக்கொள். என்னிடம் தா, அல்லது தராதே, ஆனால் அவரிடம் இருக்க வேண்டாம்.

பெஞ்சில் இதையெல்லாம் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். எங்கள் பஸ் இரண்டு வந்து போய்விட்டது, அவர் எழுந்திருக்கவில்லை. எட்டு மாசமா அந்தப் பையன் வாயைத் திறக்கலையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். எழுது, போன்ல சொன்னா பாதியில வெச்சுடுவா, எல்லாத்தையும் எழுது என்றார். மூன்றாவது பஸ்ஸில் ஏறினோம். இரண்டு பேர் உட்காரும் இருக்கை காலியாக இருந்தது, அவர் முன்னால் போய் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு இந்த ஆறு நாளாக என்னோடு சண்டை போடவில்லை, பேசவும் இல்லை. காலையில் டீ போட்டு என் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நேற்று மட்டும் அட்டவணையைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்து, மாப்பிள்ளையும் வந்தா லாட்ஜ்ல ரூம் ரெண்டு வேணும், எழுதறப்ப அதையும் கேளு என்றார். அவர் சொன்னதால் மட்டும் கேட்கவில்லை, நானும் கேட்கிறேன். அவர் வர வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைத் தாளில் எழுதி உன் கையில் கொடுத்து அனுப்பினால் மறுபடியும் ஒருத்தர் மேல் தள்ளுகிற மாதிரிதான்.

மன்னித்துவிடு என்று உனக்கு எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன், மேலே கறுப்பாகத் தெரிகிறதே அதுதான். எனக்கு எதுவும் உறைக்காத இந்த நேரத்தில் அந்த வார்த்தையை எழுதுவது, படித்துப் பார்க்காத படிவத்தில் கையெழுத்துப் போடுவது போல இருக்கிறது. உறைக்கிற அன்று கேட்கிறேன், அன்று நீ என்ன சொன்னாலும் சரி. இவ்வளவும் எழுதினால் அழுகை வரும் என்று நினைத்துக் கைக்குட்டை ஒன்று எடுத்து வைத்துக்கொண்டேன். வரவில்லை. பேனா மை கசிந்ததைத் துடைக்க உதவியது. ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து அந்த ஊசி இறங்கிய விரல் விண் விண் என்று தெறிக்கிறது. பேனாவை அழுத்திப் பிடித்ததாலும் இருக்கலாம்.

நீ வருவதானால் அப்பாவிடம் நேரத்தைச் சொல்லிவிடு, அவருக்கு நிமிடம் வரைக்கும் தெரிய வேண்டும். விமானம் இறங்கும்போது குட்டிக்குப் பால் கொடு, காது அடைக்காது. தலையை மூடுகிற மாதிரி உடுப்பு இரண்டு கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில் வைத்துவிட்டுத் தேடாதே. பெரிய தொட்டிக்கு நானும் உள்ளே வருகிறேன் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீ வந்தால் குட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும், உனக்குக் கை காலியாக இருக்க வேண்டும். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, எங்களை நினைத்துக் குழம்பாதே. ஆனால் இந்தக் கடிதத்தை மட்டும் படித்து முடித்தவுடன் மடித்து வைத்துவிடாமல், மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும் அவர் கையில் கொடு. நீ படித்துக் காட்டாதே, அவரே படிக்கட்டும். அவர் படித்து முடிக்கும் வரை எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் துணையாக, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா